கணவாயின் பங்காளி

காலை ஏழு மணிக்கு முன்னால் போன் அடித்தால் அது என்ன சொல்லப்போகிறது என்பது இந்த வயதில் எடுக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. யார் என்பதுதான் பாக்கி. அடுப்பில் பால் இருந்தது. சித்தூரிலிருந்து ஏழுமலையின் மகள் கங்கா பேசினாள்.

“மாமா, நைனா பூட்டாரு. பல்லு வெளக்கிக்கினே பின்னாடி கல்லு மேல உக்காந்தாரு. காபி எடுத்துக்கினு போய் கூப்ட்டா, அப்படியே செவுத்துல சாஞ்சிக்கினு கீறாரு. ஊருக்குத்தான் எடுத்துக்கினு போறோம். வந்துடுங்க.”

அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பை அணைக்கவும் தோன்றாமல் நின்றேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அணைத்தேன், மேடையைத் துடைத்தேன், துணியை அலசிப் போட்டேன், பிறகுதான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது. உடன் வேலை பார்த்தவர்களுக்கு அஞ்சலி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்து வெகுகாலம் ஆகிறது. பந்தி முடிந்தபின் இலை எடுக்க நிற்பவனைப் போல நான் நின்றுகொண்டிருக்கிறேன். ஏழுமலையாவது எனக்கு எழுதுவார் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

திருப்பதியில் அவரிடம் விலங்கியல் படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் அவருக்குக் ‘கணவாய் சார்’ என்று பெயர் வைத்தது அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை. வகுப்பில் யாராவது பாடத்தை நெட்டுருப் போட்டு மூச்சுவிடாமல் ஒப்பித்தால், கடைசிவரை கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும். தண்ணி?” என்பாரே, நினைவிருக்கும். நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிலர் நிஜமாகவே டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் உண்டு. அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் உங்களிடம் சொன்னதில்லை. சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை. ஊரின் பெயரை மட்டும் எழுதாதே என்றார். எழுதவில்லை.

ஆந்திர மாநிலம் பிரிந்த புதிது. நான் தாவரவியலுக்கும் அவர் விலங்கியலுக்கும் டெமான்ஸ்டிரேட்டராக ஒரே நாளில் சேர்ந்தோம். நான் பாகாலாக்காரன், ரயில்வே குமாஸ்தா மகன். அவர் சத்தியவேடு பக்கம். அந்தப் பக்கம் அப்போது மதராஸ் மாநிலத்தில் இருந்தது. அதனால் அவர் ஒவ்வொரு விடுமுறைக்கும் மாநிலம் விட்டு மாநிலம் போய் வந்தார். கல்லூரியில் கண்ணாடி அலமாரிகள் வரிசையாக வந்து இறங்கிவிட்டன, உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை. பழைய ஜாடிகள் எல்லாம் மதராசிலேயே தங்கிவிட்டன. எங்கள் ஜில்லாவிலோ கடல் கிடையாது. ஏழுமலை மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு ரயிலேறினார். ராயபுரம் கரையில் மீனவர்களிடம் வாங்கி, அங்கேயே ஃபார்மலினில் போட்டு, மூடியில் துணி கட்டித் திரும்பினார். அந்த முதல் தடவை நானும் கூடப் போனேன்.

வண்டி முழுக்க மலைக்குப் போகிறவர்கள். நாற்றம் தாங்காமல் எதிரில் இருந்த அம்மாள் டின்னில் என்ன என்று கேட்டாள்.  மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை அவள் மடியில் இருந்தது. ஏழுமலை கூச்சமே இல்லாமல் மூடியை அவிழ்த்துக் காட்டினார். “ஆக்டோபஸ்மா. எங்க பக்கத்து கடல்காரங்க பேய்க்கணவாய்ன்னுவாங்க. கையி எட்டு. எலும்பு ஒண்ணு கூட கெடையாது. ரத்தம் நீலம். இதயம் மூணு.”

அவள் எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். “மூணா? ஒண்ணை வெச்சிக்கினு நான் படற பாடு போதாதா? மூடு, மூடு.”

இதை அவர் ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சொல்வார். அந்த அம்மாளைவிட நன்றாகக் கணவாயைப் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை என்பார். போன மாதம் நான் சித்தூர் போனபோது மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைக் காட்டி, “பாகாலா, எனக்கு ஒண்ணுதான்யா கொடுத்தான், அதுவும் ரிப்பேர்” என்றார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கடைசிவரை பாகாலாதான்.

அவருக்குப் பிடித்த இனம் அது. மற்ற மெல்லுடலிகள் எல்லாம் ஓட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு பிழைத்தன, இந்தக் குடும்பம் மட்டும் ஓட்டைத் துறந்துவிட்டு வெளியே வந்தது என்பார். ஊசிக்கணவாய்க்கு முதுகுக்குள் கண்ணாடித் தகடு போல மெல்லியதாக ஒரு மிச்சம். ஓட்டுக்கணவாய்க்கு வெள்ளையாகப் படகு போல ஒரு மிச்சம். பேய்க்கணவாய்க்கு அதுவும் இல்லை. “வூடு வாசலை வுட்டுட்டு வந்தவனுக்குத்தான் மூளை வளரும்” என்று அதற்கு ஒரு பழமொழியும் கட்டிச் சொல்வார். அவர் வீட்டை விட்டு வந்து படித்தவர். அதை அவர் சேர்த்துச் சொல்லமாட்டார், எனக்குத்தான் சேர்த்துக் கேட்கும்.

அந்த வெள்ளைப் படகு பற்றி ஒரு சம்பவம். எங்கள் கல்லூரித் தலைமை குமாஸ்தா மிகவும் ஆசாரமானவர். வெங்காயம்கூட வீட்டில் நுழையாது. அவர் குழந்தைக்குக் காதில் சீழ். ஒரு மாலை நானும் ஏழுமலையும் கடைத்தெருவில் போகும்போது, அவர் நாட்டு மருந்துக் கடையில் நின்று கடல்நுரை வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும் மருந்து. இழைத்துத் தூளாக்கிக் காதில் போடுவார்கள். தெலுங்கில் சமுத்திரபு நுருகு என்பார்கள், அதுவும் கடல்நுரைதான். அலை நுரை கரையில் ஒதுங்கிக் காய்ந்து கல்லாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பியிருந்தேன். குமாஸ்தா அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு போனபின் ஏழுமலை என் காதில் சொன்னார். “அது கணவாயோட எலும்புயா. முதுகுக்குள்ள இருக்கற ஓடு.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் குமாஸ்தா ஏழுமலையின் கையில் எதையும் நேராகக் கொடுத்தது கிடையாது. சம்பளக் கவரைக்கூட மேஜையில் வைத்துத் தள்ளிவிடுவார். “கூப்பிட்டுச் சொல்லும்யா, ஒரு தடவை அவர் முகத்தைப் பார்க்கலாம்” என்றேன்.

“சொன்னா கொழந்தைக்கு காது சரியாயிடுமா? தூக்கிப் போட்டுட்டு ஊட்டை கழுவுவாரு. அவ்ளோதான். வுடு.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டேன். அவர் பீக்கரில் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சம்பவத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஏழுமலையின் ஊரில் அவர்கள் காலனிக்கென்று கிணறு கிடையாது. ஊர்க் கிணற்றின் கரையில் குடத்தை வைத்துவிட்டு, ஊர்க்காரர் யாராவது மனம் வைத்து இறைத்து ஊற்றும்வரை தள்ளி நிற்கவேண்டும். “எங்கம்மா ஆயுசுல பாதி நின்னே பூட்ச்சி” என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். பல வருஷம் மனுப்போட்டு, மதராஸ் சர்க்காரில் காலனிக்கு ஒரு குடிநீர்க் கிணறு வாங்கினார்கள். அவருடைய அண்ணன் முனுசாமிதான் முன்னால் நின்று தோண்டினார். காலனி அம்மனான கெங்கம்மாவுக்குக் கற்பூரம் காட்டி வேலையை ஆரம்பித்தார்கள்.

சில வாரம் கழித்து ஒரு மதியம் எங்கள் ஆய்வுக்கூட வாசலில் முனுசாமி வந்து நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். தோள் துண்டில் ஏதோ கனமாக முடிந்திருந்தது. உள்ளே வரச் சொல்லி நான் கையைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. துண்டை மேஜையில் அவிழ்த்தார். சாம்பல் நிறக் கல். அதில் வட்டமாகச் சுருண்டு சுருண்டு உள்ளே போகும் ஒரு வடிவம், ஆரம் ஆரமாக வரி.

“இது சாமியாடா? பஜனைக் கோயில் பெரியவரு சக்கரம்ன்றாரு. சாளக்கிராமமாம்.”

ஏழுமலை கல்லைத் தன் பக்கம் இழுத்தார். விரலால் அந்தச் சுருளை வெளியிலிருந்து உள்வரை தடவிக்கொண்டே போனார். பிறகு தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. “அண்ணா, இது அம்மோனைட்டு. கடல் பிராணி. மனுசனே இல்லாத காலத்துல இருந்து, அழிஞ்சே போன பிராணி. நம்ம ஊருல கடல் இருந்திருக்குதுண்ணா! கணவாய் கீது பாரு, அதுக்கு இது பங்காளி. அது ஓட்டை வுட்டுட்டு பொழச்சிச்சி, இது ஓட்டோட பூட்ச்சி. அறை அறையா கட்டி கடைசி அறையில குடியிருக்கும்” என்று அலமாரிக்கு ஓடி, நாட்டிலஸ் என்ற கடல் பிராணியின் சுருள் ஓட்டை எடுத்துவந்து, அதன் குறுக்கு வெட்டைக் காட்டி, மூச்சுவிடாமல் பேசினார். முனுசாமி பொறுமையாகக் கேட்டார். தம்பி படித்துப் பெரியவனானதில் அவருக்கு இருந்த பெருமை கண்ணில் தெரிந்தது. பேச்சு ஓய்ந்ததும் கேட்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும்டா. தண்ணி?”

நடந்தது இதுதான். மூன்றாள் ஆழத்தில் அந்தக் கற்கள் அடுக்கடுக்காக வந்திருக்கின்றன. செய்தி ஊருக்குள் போனது. எல்லைத் தகராறு கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. ஊரில் பாதிப்பேர் திருப்பதியோடு சேரவேண்டும் என்றார்கள், பாதிப்பேர் மதராசை விடமாட்டோம் என்றார்கள். பெருமாளின் சக்கரமே நம் மண்ணில் கிடைத்துவிட்டது, இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று பஜனைக் கோயில் பெரியவர் கட்சி கட்டினார். சக்கரமாவது, அது திருத்தணி முருகனின் மயில் தோகைக் கண் என்றார் எதிர்க்கட்சி மிராசுதார். எல்லைக் கமிஷன் வந்தால் காட்டுவதற்கு ஆளுக்கு ஒரு கல்லைக் கொண்டுபோய்ப் பூஜையில் வைத்துக்கொண்டார்கள். கிணற்றுக்குழியைச் சுற்றிக் கயிறு கட்டி, மாடம் வைத்து, விளக்கேற்றிவிட்டார்கள். சாமி இருக்கும் குழியில் காலனிக்காரன் இறங்கக்கூடாது. “எல்லாத்துலயும் அடிச்சிக்கினவங்க இதுல மட்டும் ஒண்ணா நிக்கறாங்க” என்றார் முனுசாமி, கல்லைத் திரும்பத் துண்டில் முடிந்துகொண்டே.

அதிகாரிகளிடம் போகலாம் என்றேன் நான். ஏழுமலை போனார், நானும் போனேன். மதராஸ் பக்கத்து ஆபீசில், அந்த ஊர் எப்படியும் ஆந்திராவுக்குப் போகப்போகிறது, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். ஆந்திரா பக்கத்து ஆபீசில், “இங்கா மாதி காதண்டி” என்றார்கள், இன்னும் எங்களுடையது ஆகவில்லையாம். ஏறி இறங்கியதில் செருப்புத் தேய்ந்தது. எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லாத ஊரில் காலனிக்காரர்களுக்கு இருக்கும் கிணற்றில் அவர்களே இறங்கமுடியவில்லை. பழையபடி குடத்தோடு நின்றார்கள். அந்த வருஷம் வெயிலும் கொடுமை.

ஏழுமலைக்கு அப்போதும் படிப்பின்மேல் நம்பிக்கை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படச்சுருள்கள், நாட்டிலஸ் ஓடு, ஊசிக்கணவாய் இருந்த ஜாடி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இருவரும் புத்தூர் வழியாக பஸ் ஏறினோம். கிணற்றுப் பக்கத்துப் புளியமரத்தில் படத்தை மாட்டினார். ஊர் வந்து உட்கார்ந்தது, காலனி தள்ளி நின்றது. நான் கேட்ட பாடங்களிலேயே மிக நல்ல பாடம் அதுதான். பூமி எப்படி ஏறி இறங்கியது, கடல் எப்படி உள்ளே வந்து பின்வாங்கியது, சேறு எப்படிக் கல்லானது, அந்தச் சேற்றில் இந்தப் பிராணி எப்படி அடங்கியது என்று தமிழில் ஒருமுறையும் தெலுங்கில் ஒருமுறையும் சொன்னார். ஒருவர் எழுந்து போகவில்லை. முடிந்ததும் பஜனைக் கோயில் பெரியவர் கண்கலங்கி எழுந்தார்.

“ரொம்ப நல்லா சொன்னேப்பா. இங்க கடல் இருந்திச்சின்னு நீயே சொல்லிட்டே. அது எந்தக் கடல்? பாற்கடல்! பெருமாள் பள்ளிகொண்ட எடம்டா இது!”

ஊரே கோவிந்தா போட்டது. மிராசுதார் கட்சிகூடச் சேர்ந்து போட்டது. கயிற்றை எடுத்துவிட்டுச் சுவரே எழுப்புவது என்று அங்கேயே முடிவானது. ஏழுமலை படத்தைச் சுருட்டினார். தூரத்தில் அவருடைய அம்மா குடத்தின்மேல் கையை ஊன்றி நின்றிருந்தாள். திரும்பும் பஸ்ஸில் அவர் படச்சுருளை மடியில் வைத்துக்கொண்டார். புத்தூர் தாண்டும்போதுதான், “தலைமை குமாஸ்தா கொழந்தைக்கு காது இன்னா ஆச்சு?” என்று கேட்டார். வெயிலில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டு, தேவலை என்றேன்.

அடுத்த வாரம் அவர் கல்லூரிக்கு வரவில்லை. சனிக்கிழமை என்னை ஊருக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது கிணற்றங்கரையில் மூன்று கல் கூட்டி அடுப்பெரிந்துகொண்டிருந்தது. பழவேற்காட்டுக்குப் போய், உப்புப் போட்டு ஈரச்சாக்கில் சுற்றி, ஒரு கூடை நிறையக் கணவாய் கொண்டுவந்திருந்தார். அன்று அவர் சட்டை போட்டிருக்கவில்லை. மடித்துக் கட்டிய வேட்டி, இடுப்பில் துண்டு. என்றும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை இல்லாமல் நான் பார்த்திராதவர். ஊர்ப் பெரியவர்கள் சுவருக்கு நூல் பிடிக்க வந்திருந்தார்கள்.

அவர் பாடம் நடத்தவில்லை. கையை மட்டும் கூப்பினார். “சாமி, போன வாரம் ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன்” என்று சொல்லி, ஓட்டுக்கணவாய் ஒன்றை எடுத்து எல்லோரும் பார்க்கக் கத்தியால் கீறினார். மை குபுக்கென்று கொட்டி முழங்கைவரை கறுத்தது. உள்ளிருந்து அந்த வெள்ளை ஓட்டை உருவித் தூக்கிப் பிடித்தார்.

“கல்லுல கீறது அண்ணன். இது தம்பி. ரெண்டும் ஒரே ரத்தம், ஒரே வவுறு. நீங்க அண்ணனை கும்புடறீங்க. நாங்க தம்பியை துன்றோம். நேத்து இன்னிக்கி இல்ல, தலைமுறை தலைமுறையா துன்றோம். அண்ணன் உசுரோட இருந்தா அத்தயும் துன்னிருப்போம்.”

அம்மா சட்டியை இறக்கினாள். காலனி முழுக்க வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், எல்லோரும். பெரியவர் மூக்கைத் துண்டால் பொத்தினார். யாரோ “சீ சீ” என்றார்கள். ஒருவர் வாந்தி எடுக்க ஓரமாகப் போனார். மிராசுதார் நூலைச் சுருட்டாமலே நடந்துவிட்டார்.

ஒரு விஷயம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. அந்தக் காலனியில் அன்றுவரை ஒருவரும் கணவாயைக் கண்ணால் பார்த்ததில்லை. சந்தையில் வரும் கருவாடு தவிரக் கடலைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எப்படிச் சமைப்பது என்று யாருக்கும் தெரியாமல், ஆட்டுக்கறி போல மணிக்கணக்கில் வேகவிட்டிருந்தார்கள். அது ரப்பராகிவிட்டிருந்தது. எனக்கும் ஓர் இலை போட்டார்கள். நானும் மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் அவருடைய அம்மா கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு விழுங்கினாள். “தண்ணிக்காக துன்றேன்டா” என்று உதடு அசையாமல் சொன்னாள். ஆனாலும் ஊர் பார்த்துக்கொண்டிருந்தவரை ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ருசித்துச் சாப்பிடுவதாக ஒரு காலனியே நடித்தது.

மறுநாள் விளக்கு இல்லை, மாடம் இல்லை. பூஜையில் இருந்த கற்களைக் காலனி முனையில் வீசிவிட்டு, வீட்டைக் கழுவி விட்டார்கள். அது தீட்டுக் குழி, ஊர்க்காரன் எவனும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று தீர்மானம். அன்றைக்கே முனுசாமி இறங்கினார்.

இங்கேதான் ஏழுமலை ஒன்று கேட்டார். முழுசாக இருக்கும் சுருள் ஒன்றே ஒன்றைக் கல்லூரிக்குக் கொடு என்றார். முனுசாமி குழிக்குள்ளிருந்து தலையை ஆட்டினார். “வேணாம்டா. ஒண்ணு மீந்தாலும் நாளைக்கி எவனாச்சும் கோயில் கட்டுவான். எங்க காலத்துக்கு அப்பறம் இன்னொரு தபா கணவாய் துன்ன யார்னால ஆவும்?”

ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு குழிக்குள் இறங்கி, கடப்பாரையை வாங்கி, தானே உடைத்தார். வண்டிச்சக்கரத்தில் பாதி இருக்கும் ஒரு கல், ஒவ்வொரு வரியும் எழுதிவைத்தது போலத் தெளிவாக இருந்தது. அதைக் கடைசியில் உடைத்தார். எந்த அருங்காட்சியகமும் வாரி எடுத்துக்கொண்டிருக்கும், அவர் பெயரையே அந்தப் பிராணிக்கு வைத்திருப்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் நான் புளியமரம் வரை போய்விட்டேன்.

இன்னும் இரண்டாள் ஆழத்தில் ஊற்றுக் கண்டது. பம்பை மேளம் அடித்தார்கள், கெங்கம்மாவுக்குப் பொங்கல் வைத்தார்கள். அம்மா முதல் குடத்தைத் தன் கையாலேயே மொண்டாள். குடித்துப் பார்த்து, “இன்னாடா, கொஞ்சம் உப்பு கரிக்குது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலையைக் காணவில்லை. தேடினால், உடைந்த கல்லெல்லாம் கொட்டிக் கிடந்த மேட்டில் உட்கார்ந்திருந்தார். நான் தோளில் கைவைத்ததும், திரும்பாமல் பேசினார்.

“நான் படிச்சத வெச்சி சொன்னேன், ஒருத்தனும் கேக்கல. நான் பொறந்தத வெச்சி காட்டினேன், எல்லாரும் கேட்டுக்கினாங்க பாகாலா. அதுவும் பொய்யி. நாங்க கணவாய் துன்னதே கெடையாது.”

 ஜெயித்த மனிதன் அவ்வளவு களைத்துப்போய் நான் பார்த்ததில்லை. மறுநாள் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது. எவ்வளவு பெரியவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும், “அதெல்லாம் இருக்கட்டும். தண்ணி?” சில வருஷம் கழித்து எல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போனது, அவர்கள் ஊர் இந்தப் பக்கம் வந்தது. ஊரில் பாதிப்பேர் பட்டாசு வெடித்தார்கள், பாதிப்பேர் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அவரிடம் வருத்தமா சந்தோஷமா என்று கேட்டேன். “கெணறு எந்தப் பக்கம் போனா இன்னா, எங்க பக்கம் கீதே” என்றார். அந்த வருஷம் பிறந்த மகளுக்குக் கங்கா என்று பெயர் வைத்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது காலனியில் பந்தல் போட்டிருந்தார்கள். சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, ஏழுமலையின் அறிவியல் தொண்டு பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். பந்தக்காலில் சாய்ந்து முனுசாமி உட்கார்ந்திருந்தார். தொண்ணூறைத் தொட்டுவிட்டார், கண் சரியாகத் தெரியாது. நான் போய்க் கையைப் பிடித்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பேச்சு நீண்டுகொண்டே போனது. அவர் கையை உயர்த்தினார்.

“அதெல்லாம் இருக்கட்டும்பா. தண்ணி மொண்டாந்தாச்சா?”

குளிப்பாட்டுவதற்குப் பங்காளிகள் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வருவது வழக்கம். பங்காளிகள் எல்லாம் வந்தாயிற்றா என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பம்பை முன்னால் போனது. நான் பங்காளி இல்லை, ஆனாலும் முனுசாமி என்னையும் போகச் சொன்னார். போனேன். சித்திரை மாதம், தண்ணீர் கீழே இறங்கியிருந்தது. கங்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “அங்க பாருங்க மாமா” என்று உள்ளே காட்டினாள்.

தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில், பெரிய வட்டமாக ஒரு பள்ளம். சுருண்டு சுருண்டு உள்ளே போகும் வரிகள். அவர் கடைசியாக உடைத்த கல்லின் அச்சு. கல்லை உடைத்தார், அது பதிந்திருந்த இடத்தை உடைக்கவில்லை. இத்தனை வருஷமும் தண்ணீர் அதை மூடி வைத்திருந்திருக்கிறது.

“நைனா வருசா வருசம் சித்திரையில வந்து எட்டிப் பாப்பாரு. இன்னா நைனா பாக்கறேன்னா, பங்காளி கீறானா பாக்கறேம்மா, அவ்ளோ சீக்கிரம் போவமாட்டான்னுவாரு” என்றாள் கங்கா. சொல்லிவிட்டு அங்கேயே அழுதாள். அப்போதுதான் எனக்கும் வந்தது.

ஏழுமலையின் பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. மருந்துக் கடையில் அவர் மூடிய வாயும், கிணற்றடியில் திறந்த வாயும்தான் எனக்கு மிச்சம். இரண்டு இடத்திலும் கையில் இருந்தது அதே எலும்புதான். உண்மை தெரிந்துவிட்டது என்பதற்காகவே அதை எல்லா இடத்திலும் போட்டு உடைத்துவிடக் கூடாது என்பதையும், உடைக்கவேண்டிய இடத்தில் தன் நெஞ்சையும் சேர்த்து உடைத்தாகவேண்டும் என்பதையும் நான் அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவரளவுக்கு எனக்குச் செய்ய வந்ததில்லை.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். அவர் இருந்து இதைக் கேட்டிருந்தால் கடைசியில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். குளிப்பாட்டி முடித்ததும் குடத்தில் மிஞ்சியதை ஒரு செம்பில் வாங்கிக் குடித்தேன். தண்ணீர் இருக்கிறது ஏழுமலை. இந்தச் சித்திரையிலும் வற்றவில்லை. கொஞ்சம் உப்புக் கரிக்கிறது.